இதயத்தசை மீளாக்கம்: வாய்மொழிப் பரீட்சைக்கு நான் படித்த விதம்

வன்னியிலிருந்து உயிரியல் படித்துப் பல்கலைக்கழகம் போகும் தம்பி தங்கைகள் பலர், இதய இழைய மீளாக்கம், அதாவது சேதமான இதயத்தசை மீண்டும் வளர்வது, என்ற பகுதியைக் கண்டதும் சிகிச்சை முறைகளை வரிசையாகப் பாடமாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் ஒரு குறுக்குக் கேள்விக்கே தடுமாறிவிடுவீர்கள். எந்த ஆய்வை எடுத்தாலும் புதிய தசைக்கலம் எங்கிருந்து வந்தது, அதை எப்படி நிறுவினார்கள் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

படிப்பு விடுமுறையில் புதுக்குடியிருப்பு வீட்டில், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு வளைகோடு வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் ஏறியதையும், 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பின் இறங்கியதையும் காட்டும் கோடு அது. ஒரு கலம் பிறக்கும்போது அக்காலத்துக் காபன் அதன் டி.என்.ஏ.யில் பதிந்துவிடும். அதை வைத்தே கலங்களின் வயதைக் கணித்தார்கள், சுவீடன் ஆய்வாளர்கள். 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத இதயத்தசைக் கலங்களே புதிதாகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதம். 2009இல் வெளிவந்த முடிவு இது. பெரிய மாரடைப்பிலோ நூறு கோடி கலங்கள் வரை அழியக்கூடும். அந்த இடத்தைத் தழும்புதான் நிரப்புகிறது. இரண்டு கணக்கையும் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் பாடம் எனக்குப் பிடிபட்டது.

அடுத்து, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு மீனான சீப்ரா மீன். இதயவறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும், எஞ்சிய தசைக்கலங்களே பிரிந்து பெருகி இரண்டு மாதத்தில் அதை வளர்த்துவிடுகின்றன. பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குட்டிக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஏழு நாளில் போய்விடுகிறது.

வளர்ந்த இதயத்துக்குள் ஸ்டெம் கலங்கள், அதாவது வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்கள், இருப்பதாகச் சொன்ன இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் கதையையும் விட்டுவிடாதீர்கள். பொய்த் தரவுகள் இருந்ததாகச் சொல்லி, அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளை மீளப்பெறுமாறு 2018இல் ஹார்வார்ட் கேட்டுக்கொண்டது.

வளர்ந்த கலத்தைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் கலம் போலாக்கும் வழியைக் கண்டவர், ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா. என்னிடம் பரீட்சகர் கேட்டது இதுதான்: "யமனாகாவின் முறையால் தோற்கலத்திலிருந்தே இதயத்தசை ஆக்கலாம் என்றால், அதை நோயாளிக்கு வைப்பதில் என்ன சிக்கல்?" முதிராத கலங்கள் தம் போக்கில் துடித்து இதயத்தின் தாளத்தைக் குழப்பலாம், உடல் அவற்றை நிராகரிக்கலாம், மாறாமல் எஞ்சும் கலங்கள் கட்டியாகலாம் என்று விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருங்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

ஆங்கிலக் கட்டுரைகள் மலைப்பாக இருந்தால் முதலில் படங்களையும் அவற்றின் கீழுள்ள விளக்கத்தையும் வாசியுங்கள். முன்னுரையைக் கடைசியில் வாசித்தாலும் போதும்.