ஸ்கேன் சீட்டில் விடுபட்ட வரி

மருத்துவர் அம்மாவிடம் கொடுத்த சீட்டில் பெயரும் வயதும் இருந்தன; அவற்றின் கீழே ‘எம்.ஆர்.ஐ., எல்.எஸ். ஸ்பைன்’, அதாவது கீழ் முதுகுத்தண்டு, என்று ஒரு வரி இருந்தது. இடக்காலில் பிட்டத்தில் தொடங்கிப் பெருவிரல் வரை இறங்கும் வலி, இருமினால் சுண்டி இழுக்கும், இரவில் புரண்டு படுக்க விடாது என்று அம்மா சொன்னவற்றில் ஒரு சொல்கூட அந்தத் தாளில் ஏறவில்லை. கடந்த ஓராண்டில் மண்ணச்சநல்லூரிலிருந்து பேருந்தேறித் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, தில்லைநகர்ப் பக்கமுள்ள ஸ்கேன் சென்டர்களுக்கு அம்மாவை அழைத்துச் சென்று வந்ததில், படம் எடுப்பது இயந்திரமே என்றாலும் அந்தப் படம் உதவுமா உதவாதா என்பதில் பாதி, நாம் உள்ளே போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டேன்.

முதல் முறை சென்றது வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அம்மா நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். சாப்பிட்டவுடன் பித்தப்பை சுருங்கித் தன்னிடமுள்ள பித்தநீரைக் குடலுக்குள் விட்டுவிடுகிறது; சுருங்கிய பைக்குள் கல் இருந்தாலும் தெளிவாகத் தெரியாது. ஆகவே குறைந்தது ஆறு மணி நேரமாவது உண்ணாமல் இருந்துவிட்டு மறுநாள் காலையில் வருமாறு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீட்டைக் கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் போனபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையில் தண்ணீர் பாட்டிலோடு இருந்தார்கள். அடிவயிற்றைப் பார்க்க வேண்டுமானால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலைச் சற்று ஒதுக்கி, ஒலி அலைகள் கருப்பைக்கோ புராஸ்டேட்டுக்கோ போய்த் திரும்ப வழிவிடும் சன்னலாக அமைகிறது. உதவியாளர் பெண் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, “அடக்க முடியலையா, நிறைஞ்சிடுச்சா?” என்று ஒவ்வொருவரையும் கேட்க, யாருக்கு அவசரமோ அவரே முதலில் உள்ளே போனார். டோக்கன் வரிசை உடைபடுவதை யாரும் எதிர்க்காத ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். சுவரில், கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை தொங்கியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைத்திருப்பது. பித்தப்பையைப் பார்க்க வந்தவர்களும் அதைப் படித்துக்கொண்டுதான் காத்திருக்கிறோம். அன்றைய ரிப்போர்ட், பித்தப்பையில் ஒரு சிறு வெண்புள்ளி, கல்லாகவோ பாலிப்பாகவோ (பையின் சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சி) இருக்கலாம் என்று முடிந்தது.

அதற்கு இரண்டு மாதங்கள் கழித்துத்தான் கால்வலியும் எம்.ஆர்.ஐ.யும் வந்தன. ஓர் எக்ஸ்-ரே போதாதா என்று நான் கேட்டேன். எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டையும் (டிஸ்க்) அது அழுத்தும் நரம்பையும் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலைகளும்தாம் வேலை செய்கின்றன. கதிர் என்று கவலைப்பட வேண்டிய இடம் சி.டி.தான்: இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் என்றால், வயிற்றுக்கான ஒரு சி.டி.யிலேயே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு சேர்ந்துவிடும். மார்பு எக்ஸ்-ரேயிலோ 0.1-ஐத் தாண்டுவது அரிது. தேவையானபோது சி.டி. எடுக்கத் தயங்கக் கூடாது. ஆனால் ‘எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்’ என்று நாமே கேட்டு வாங்குகிற பொருளும் அன்று அது.

எம்.ஆர்.ஐ. அறைக்கு முன்னால் டெக்னீஷியன் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பேஸ்மேக்கர் உண்டா, அறுவைச் சிகிச்சை நடந்ததா, உடலுக்குள் கம்பி, பிளேட் ஏதும் வைத்திருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். அம்மா வீட்டிலேயே தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை அணிந்து வந்திருந்ததால், தன்மேல் உலோகம் எதுவுமே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அந்த டெக்னீஷியன் பழக்கப்பட்டவர். “கயிற்றில் ஊக்கு இருக்கிறதா பாருங்கள்” என்றார். இரண்டு இருந்தன. அவை போகச் சேலைத் தலைப்பில் ஒன்று, கண்ணாடி வளையலில் கோத்துத் தொங்கவிட்டது ஒன்று. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. இரும்பு ஊக்கை இழுக்கும். அந்த இயந்திரத்தின் காந்த வலிமையான 1.5 டெஸ்லா என்பது புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு, அதுவும் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் உயிரோடுதான் இருக்கிறது. நான்கு ஊக்குகளும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் விழுந்த பிறகே கதவு திறந்தது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்த அம்மா, உள்ளே யாரோ ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள் என்றார்.

மாலையில் வந்த ரிப்போர்ட்டைப் படித்தபோதுதான் விடுபட்ட வரியின் விலை புரிந்தது. எல்4-எல்5 வட்டு, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ளது, பிதுங்கி வலப்பக்க நரம்பு வேரை அழுத்துவதாக அதில் இருந்தது. அம்மாவுக்கு வலி இடக்காலில். கவுண்டரில் சொன்னதும், ரிப்போர்ட் எழுதிய மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் படத்தை மீண்டும் திறந்து பார்த்து, அழுத்தம் இடப்பக்கம்தான், தட்டச்சில் மாறிவிட்டது என்று திருத்திக் கொடுத்தார். தவறு எங்கும் நேரும். அவர் மறுக்காமல் திருத்தினார் என்பதும் உண்மை. ஆனால் சீட்டில் ‘இடக்கால் வலி’ என்று இரண்டு சொற்கள் இருந்திருந்தால், கையெழுத்திடும் முன்பே அவர் கண்ணில் அது பட்டிருக்கும். வலியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதேனும் ஒரு வட்டுப் பிதுக்கம் தெரியவே செய்யும். எல்லா ரிப்போர்ட்டிலும் அடியில் காணப்படும் ‘நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்’ என்ற வரியைத் தப்பித்துக்கொள்ளும் உத்தி என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அறிகுறியை யாரும் எழுதியனுப்பாதபோது ரேடியாலஜிஸ்டால் வேறு என்னதான் எழுத முடியும்?

செலவைப் பற்றி ஒரு சொல். அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. தனியார் கேட்பதைவிட அங்கே கட்டணம் வெகு குறைவு. புறநோயாளிக்கு நாள் கொடுப்பார்கள், காத்திருக்க வேண்டும். எங்களுக்குப் பொறுமை போதவில்லை என்பதைத் தவிர அங்கே போகாததற்கு வேறு காரணம் இல்லை.

ஆறு மாதம் கழித்துப் பித்தப்பையை மறுபடி பார்க்கச் சொன்னபோது, முந்தைய ரிப்போர்ட்டை மருத்துவர் முன்னால் வைத்து, என்ன தெரிய வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டேன். முகம் சுளிக்காமல் ‘முன்பு கண்ட புள்ளி கல்லா, பாலிப்பா?’ என்று எழுதினார். பழைய படத்தோடும் வெறும் வயிற்றோடும் போனோம். ஸ்கேன் செய்த மருத்துவர் சீட்டைப் படித்துவிட்டு, மல்லாந்து படுத்திருந்த அம்மாவை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார். பாலிப் என்றால் சுவரோடு ஒட்டியிருக்கும், கல் என்றால் உருளும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே கருவியை விலாவின் கீழ் அழுத்தினார். கறுப்பாய்த் தெரிந்த பைக்குள் அந்த வெண்புள்ளி, பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு, மெல்லச் சரிந்து தாழ்ந்த பக்கத்தில் போய் நின்றது. “கல்தான்” என்றார். ஜெல்லைத் துடைக்க அம்மாவிடம் ஒரு டிஷ்யூ தாளை நீட்டிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.