டெர்மினல் வழியே லட்சக்கணக்கான ஃபைல்களை அழித்த அனுபவம்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு லினக்ஸ் சர்வர் திடீரென்று புது ஃபைல் எதையும் எழுத மறுத்தது. டிஸ்க்கில் இடமில்லை என்றது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' கமாண்டைப் போட்டால் பாதி டிஸ்க் காலியாக இருந்தது. 'டிஎஃப் மைனஸ் ஐ' போட்டதும்தான் விஷயம் தெரிந்தது: ஐநோடு 100 சதவீதம் தீர்ந்திருந்தது. ஐநோடு என்பது ஒரு ஃபைலின் விவரங்களை டிஸ்க்கில் குறித்து வைக்கும் பதிவு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டும். ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில் அதன் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். வெப்சைட்டுக்கு வருபவர்களின் தற்காலிகத் தகவலை வைக்கும் பிஹெச்பி செஷன் ஃபைல்கள், பழையவை, ஒரே ஃபோல்டரில் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன.

கூட வேலை செய்யும் ஓசூர்த் தம்பி ஃபைலை அழிக்கும் 'ஆர்எம்' கமாண்டோடு, எல்லா ஃபைலும் என்று பொருள்படும் ஸ்டார் குறியைப் போட்டான். 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று வந்தது.

"என்னண்ணா, அழிக்கிறதுக்கும் லிமிட்டா?"

ஸ்டாரை ஃபைல் பெயர்களாக விரிப்பது ஆர்எம் அல்ல, நாம் தட்டும் கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல். அத்தனை பெயர்களையும் ஒன்றாகக் கோத்து ஆர்எம்மிடம் கொடுக்கப் பார்க்கிறது. அந்த நீளத்துக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, வழக்கமாக 2 எம்பி. அதனால் ஆர்எம் ஓடவே தொடங்கவில்லை.

சரி, ஃபைல்களைத் தேடும் 'ஃபைண்ட்' கமாண்ட் இருக்கிறதே. அது ஃபோல்டரைத் தானே வாசித்துக்கொண்டு போகும், ஷெல்லின் விரிப்பு தேவையில்லை. ஃபைல் மட்டும், ஏழு நாளுக்கு மேல் பழையது மட்டும் என்று நிபந்தனை கொடுத்து, முதலில் பட்டியலை மட்டும் வாங்கி ஆரம்பத்தையும் முடிவையும் பார்த்தோம். அப்புறம்தான் அதே வரியின் கடைசியில் 'மைனஸ் டெலீட்' சேர்த்தோம். கடைசியில் என்பது முக்கியம். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். டெலீட்டை முன்னால் வைத்தால் நிபந்தனையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். இங்கே குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான்.

"சர்வருக்குள்ள போகாம, லேப்டாப்லேர்ந்தே எஸ்எஸ்ஹெச்ல ஒரே வரியா அனுப்பலாமாண்ணா?" என்று கேட்டான். எஸ்எஸ்ஹெச் என்பது வேறு கம்ப்யூட்டரிலிருந்து சர்வரில் கமாண்ட் ஓட்டும் வழி. அனுப்பலாம். ஆனால் கமாண்டில் ஸ்டார் இருந்தால், முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாரை முதலில் பார்ப்பது நம் லேப்டாப்பின் ஷெல். இங்கே அதே பாதையில் ஏதாவது ஃபைல் இருந்தால் அந்தப் பெயர்கள்தான் சர்வருக்குப் போகும். இல்லையென்றால் பேஷ் என்ற ஷெல் ஸ்டாரை அப்படியே அனுப்பிவிடும், மேக்கில் இருக்கும் ஸீஷெல் பிழை சொல்லி நின்றுவிடும்.

நாங்கள் சர்வருக்குள், இணைப்பு போனாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து ஓடவிட்டோம். கரண்ட் போய் வைஃபை அறுந்தாலும் வேலை அங்கே தொடரும். முழுவதும் முடியும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. கொஞ்சம் ஐநோடு விடுபட்டதுமே சர்வர் மறுபடி எழுதத் தொடங்கிவிட்டது. அந்த ஃபைண்ட் வரியை இப்போது, குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டு, தினமும் ராத்திரி ஓடவிட்டிருக்கிறோம்.