முதுகுக்குப் பின்னால் ஒரு பெல்ட்

செல்போன் கோபுரக் கதிர்வீச்சைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டே கார் ஓட்டுகிறார் நண்பர். சீட் பெல்ட் அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக் கிடக்கிறது.

பீப் சத்தம் வரக்கூடாதாம்!

நடுவில் அழைப்பு வர, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார். (பொதுவாகக் கோபுரத்தைவிட, காதோரப் போனிலிருந்துதான் தலைக்கு அதிகக் கதிர்வீச்சு.)

உலகெங்கும் சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் இறக்கிறார்கள். ஆனால் ஸ்டீயரிங் நம் கையில் இருந்தால் பயம் வருவதில்லை.

நாமே விரும்பி ஏற்கும் ஆபத்தை, நம்மீது திணிக்கப்படுவதைவிடச் சுமார் 1000 மடங்கு வரை பொறுத்துக்கொள்கிறோம் என்று 1969-லேயே கணக்குப் போட்டார் அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார். கண்ணுக்குத் தெரியாதது, பழகாதது என்றால் பயம் இன்னும் கூடும் என்றார் பிறகு வந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக்.

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம்மைக் கேட்காமல் தலையில் கட்டினால் கோபம் வரத்தானே செய்யும்?