ஸ்டோரி கவுண்டி, அயோவா, அமெரிக்கா: மண் காயும்வரை

ஏப்ரல் 12
மழை.

ஏப்ரல் 13
நாலு அங்குல ஆழத்தில் மண் 46 டிகிரி ஃபாரன்ஹீட். மக்காச்சோளத்துக்கு 50 வேண்டும்; அதுவும் ஏறுமுகமாக. 50 வந்துவிட்டதென்று விதைத்த மறுநாளே குளிர்மழை பிடித்தால், விதை அந்தச் சில்லிட்ட நீரைக் குடித்து முளை சுருண்டுபோகும்.

ஏப்ரல் 15
கவுண்டி வரைபடம் அச்சுஅசல் சதுரங்கப் பலகை. 16 டவுன்ஷிப் என்ற உட்பிரிவுகள், ஒரு சதுர மைல் துண்டான செக்‌ஷனுக்கு 640 ஏக்கர். 1846இல் எல்லை வகுத்தார்கள், 1853இல் நிர்வாகம் வந்தது. பெயரில் கதை எதுவும் இல்லை. ஜோசப் ஸ்டோரி என்ற அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியின் பெயர். தலைநகர் நெவேடா, நெவாடா என்றால் வெளியூர்க்காரர். பல்கலைக்கழகம் இருப்பதால் பேரெல்லாம் ஏம்ஸ் நகருக்கு. கோடு கிழித்தவர்கள் தண்ணீரிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 16
மீண்டும் தூறல். 45.

ஏப்ரல் 18
டைல், டைல், டைல்: வயல் நீரை வடிக்க மண்ணுக்குள் புதைக்கும் குழாய். பனிப்பாறை விட்டுப்போன சமதளம் இது, பள்ளமெல்லாம் சதுப்பு. மண் வகைகள்: மேட்டில் கிளாரியன், சரிவில் நிக்கலெட், பள்ளத்தில் வெப்ஸ்டர். வெப்ஸ்டர் கறுப்புத் தங்கம்தான், நீர் வடிந்தால். அதற்காகத்தான் ஓரடி நீளச் சுட்டமண் குழாய்களை மூன்று நான்கடி ஆழத்தில் முட்டவைத்துப் புதைத்தார்கள். இணைப்பு இடுக்குகள் வழியே நீர் உள்ளே இறங்கும். இப்போது துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். வாட்டம் நூறு அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வேண்டும். குறைந்தால் வண்டல் படிந்து அடைக்கும். வில்லோ மரம் பக்கத்தில் இருந்தால் வேர் புகுந்துவிடும். குழாய் உடைந்தால் மேல்மண்ணை உறிஞ்சிக் குழி விழும். டிராக்டர் சக்கரம் இறங்கிய பிறகே தெரியும். பழைய குழாய்களுக்கு வரைபடமே இல்லாத இடங்கள் உண்டு. கனமழை நின்று இரண்டு மூன்று நாளில் வானிலிருந்து படம் எடுக்கலாம்: குழாய்க்கு மேலுள்ள மண் முதலில் காய்ந்து வெளிர்கோடாகத் தெரியும்.

ஏப்ரல் 19
49!

ஏப்ரல் 20
வயலில் வடிந்தது எங்கே போகும்? வாய்க்கால், அயோவே ஓடை, தெற்கு ஸ்கங்க் ஆறு. கூடவே நைட்ரேட்டும். ஓடையும் ஆறும் சேரும் இடத்தில் ஏம்ஸ். 1993இல் ஹில்டன் அரங்குக்குள் வெள்ளம், 2010இல் மறுபடியும். சதுப்பாக இருந்தபோது வாரக்கணக்கில் தேங்கி நின்ற நீர், இப்போது குழாய் வழியே ஆற்றுக்கு.

ஏப்ரல் 22
52. ஆனால் விதைப்பு ஆழத்து மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கினால் நாடாவாக நீள்கிறது. இந்த ஈரத்தில் விதைப்புக் கருவியின் தட்டு இறங்கினால் சால் சுவர் மெழுகிப்போகும். வேர் பக்கவாட்டில் பரவாமல் சாலோடு சாலாக ஓடும், ஜூலையில் பயிர் வாடும். இன்னும் ஒரு நாள்.

ஏப்ரல் 23
மேற்கே மேகம்.