நீல அட்டையில் ஒரு வரி

தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை ஊர்களில் கோடையில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, உப்பு. வேளாண்மைத் துறையில் அங்கே வேலை பார்ப்பவனுக்கு முதலில் பழகுவது அந்தச் சுவைதான்.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் மரபணு திருத்திய 2 நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, நம்மவர்கள் பிபிடி என்று சொல்லும் சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா. இன்னொன்று எம்டியு 1010-லிருந்து வந்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1. இது வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் வேறு பேச்சே எழவில்லை.

"பருத்தி மாதிரி வேற உசுரோடதைச் சேத்ததா தம்பி?" என்றார் ஓர் அம்மா.

இல்லையென்று விளக்கினேன். 2002-இல் அனுமதி பெற்ற பிடி பருத்தியில் இருப்பது மண் பாக்டீரியாவின் மரபணு. இதில் நெல்லின் சொந்த மரபணுவில் ஓரிடத்தை வெட்டித் திருத்துகிறார்கள், வெளி மரபணு தங்குவதில்லை. அதனால்தான் 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் இத்தகைய பயிர்களுக்கு, மரபணு மாற்றிய உயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பயப்பட ஒண்ணுமில்லைம்மா" என்றும் சேர்த்துவிட்டேன்.

"பயந்தோம்னு யாரு சொன்னா? எங்களுக்குத் தெரியணும்ல."

விதை மூட்டையில் கட்டியிருந்த நீல அட்டையை அவிழ்த்து நீட்டினார். ரகம், குவியல் எண், காலாவதி நாள் எல்லாம் இருந்தன. "அந்த நெல்லு வந்தா, இதுல எழுதியிருக்குமா?"

என்னிடம் பதில் இல்லை. விதை எடுத்து வைத்து மறுபோகம் விதைக்கலாமா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு இருந்தது. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைக்கான 2001 சட்டம் அந்த உரிமையை விவசாயிக்குத் தந்திருக்கிறது.

பிடி பருத்தி போலவே மரபணு மாற்றிய பிடி கத்தரியை 2010-இல் நிறுத்திவைக்கும் முன் 7 நகரங்களில் மக்களைக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு நகரம்கூட இல்லை, ஆனாலும் கேட்டார்கள். அது ஒரு காய். இது சோறு. இதற்காக எங்கள் கடைமடைக்கு யாரும் வந்து கேட்கவில்லை.

நான் இந்த நெல்லுக்கு எதிரி இல்லை. வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த சிஆர் 1009 சப் 1 நெல், தண்ணீர் வடிந்ததும் துளிர்த்ததைப் பார்த்து நின்றவன். அது மரபணு திருத்தியதல்ல, வேறு நெல்லோடு கலப்பு செய்து சேர்த்த குணம். ஆனால் ஆய்வுக்கூட அறிவு வயலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை அன்று கண்டேன். உப்பு தாங்கும் நெல் இங்கே வேண்டும். முதலில் எங்கள் களரில் நட்டுப் பார்க்கட்டும், விளைந்ததையும் விளையாததையும் தமிழில் எழுதி ஒட்டட்டும்.

அந்த மாத அலுவலகக் கூட்டத்தில் அட்டையில் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். அடுத்த மாதமும் கேட்டேன்.