கித்தாக் கொட்டையும் வெட்டாத புல்லும்

சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடியும். ஆறு மணிக்கு, நல்ல இருட்டில், பீஷானில் இருக்கும் எங்கள் புளோக்கிலிருந்து இறங்கி மேரிமவுண்ட் சாலையைத் தாண்டுவேன். அப்பர் தாம்சன் சாலைக்கு வந்து வீனஸ் டிரைவ் வழியாக வின்சர் இயற்கைப் பூங்காவுக்குள் நுழைந்தால் அங்கிருந்து மெக்ரிட்ச்சி காடு. தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் பாதத்துக்கே வேறு வேலை வந்துவிடும். வேர்களை எட்டி எட்டித் தாண்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் களிமண் வழுக்கும், கண்ணைத் தரையை விட்டு எடுக்க முடியாது. வாரத்துக்கு மூன்று நாள், எட்டுக் கிலோமீட்டர். இரண்டு பிள்ளைகள், அலுவலகம், அடுப்படி எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி, கொரோனாவைத் தடுக்க, கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை என்ற ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் முதல் மகளுக்கு வீட்டிலிருந்தே பாடம். அவளுக்கு அப்போது பத்து வயது, தொடக்கநிலை 4. ஆறு வயது மகனுக்கும் பாலர் பள்ளி கிடையாது. சாப்பாட்டு மேசை வகுப்பறை ஆனது. படுக்கையறையில் என் கணவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பார், நான் துணி மடிக்கும் பலகையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். அத்தியாவசியத் தேவைக்கும் உடற்பயிற்சிக்கும் மட்டும் வெளியே போகலாம், உடற்பயிற்சி என்றால் தனியாகவோ ஒரே வீட்டில் இருப்பவர்களோடோ. 14ஆம் தேதி முதல் முகக்கவசம் கட்டாயம். ஓடும்போது கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நான் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் பள்ளிக் காலணியோடு கதவருகே நின்றாள். “நானும் வரட்டுமா அம்மா?”

உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகல் முழுக்க எல்லாரும் ஒரே கூரைக்குள். இந்த ஒன்றையாவது யாருக்கும் பங்கு போடாமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆனால் அவள் ஐந்து நாளாக மின்தூக்கியில்கூட ஏறவில்லை. சரி, வா என்றேன்.

அன்று மூன்று கிலோமீட்டர் போகவே ஒரு மணி நேரம் ஆனது. அத்தனை வருடமாக அந்தப் பாதையில் ஓடியும் நான் பார்க்காததை அவள் பத்து நிமிடத்தில் பார்த்தாள். ஒரு மரத்தண்டில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் திட்டைக் காட்டி, “அது மூச்சு விடுது” என்றாள். கொலூகோ. கைக்கும் காலுக்கும் வாலுக்கும் இடையே பரந்த தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் விலங்கு. பகலில் பாசி படிந்த பட்டை மாதிரியே அசையாமல் தூங்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது தோல் மடிப்புக்குள்ளிருந்து குட்டியின் தலை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. இரண்டு பேருமே பேசவில்லை.

அப்புறம் மகனும் சேர்ந்துகொண்டான். ஜூன் மாத விடுமுறையை முன்னுக்குக் கொண்டுவந்து மே 5ஆம் தேதியே தொடங்கிவிட்டார்கள், அதனால் காலையில் அவசரமும் இல்லை. அவனுக்காக நடை, மகளுக்காகச் சின்ன ஓட்டம். மேட்டில் நான் மட்டும் மூச்சு முட்ட ஏறி இறங்கி வருவேன். துடுப்பு வால் கரிச்சானின் வாலில் இரண்டு கம்பி நீண்டு, நுனியில் துடுப்பு தொங்குவது அவனுக்குப் பெரிய அதிசயம். பூங்காவில் மனிதர்கள் இடைவெளி விட்டு நடக்கச் சொல்லும் ரோபோ நாயையும் அந்த மாதம்தான் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் சோதித்தார்கள். அது ஆற்றோரம் நடந்து போனதை ஒரு முறை பார்த்தான், ஒரு வாரம் வீட்டில் நான்கு காலில்தான் நடந்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசப்படுவது கித்தாக் கொட்டைதான். அந்தக் காட்டின் ஓரங்களில் ஒரு காலத்தில் தோட்டங்கள் இருந்தன. பராமரிப்பு இல்லாமல் காட்டோடு காடாகிப்போன ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. தமிழ்நாட்டில், எங்கள் ஊரில், ரப்பர் மரம் என்போம், மலேசியத் தமிழர்களுக்கு அது கித்தா மரம். என் கணவர் மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மா, என் அத்தை, பால்மரம் வெட்டி, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்துத்தான் அவரைப் படிக்க வைத்தார். மாதத்துக்கு ஒரு முறையாவது சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் தாண்டிப் போய் அத்தையைப் பார்ப்போம். மார்ச் 18ஆம் தேதி மலேசியா எல்லையை மூடியது. கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், எனக்குப் பத்து நிமிட ஓட்டம் கூட இல்லை. அந்தத் தூரத்தை எப்போது கடப்போம் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது.

பாதை ஓரத்தில் பழுப்பில் புள்ளி போட்ட, பளபளவென்ற கொட்டைகள் சிலவற்றை மகன் கண்டுபிடித்தான். வீடியோவில் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம். காலை ஏழரை மணி, அத்தை அப்போதுதான் வாசல் பெருக்கி முடித்திருந்தார்.

“அட, கித்தாக் கொட்டையா! கீழ சிமெந்து இருக்கா? நல்லாத் தேய்டா தம்பி. இன்னும் தேய். சூடு ஏறுனதும் அக்கா கையில வச்சிட்டு ஓடிப் போயிரு.”

பாதை தொடங்கும் இடத்தில் இருந்த சிமெந்துத் திண்டில் அவன் உட்கார்ந்து தேய்த்தான். தரையில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அக்காவின் முழங்கையில் வைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் மேலே இருந்த குரங்குகள் கிளை மாறின. தொலைபேசியில் அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் தன் தம்பிகளோடு விளையாடியதை அன்றுதான் எங்களிடம் முதல் முறையாகச் சொன்னார். பத்து வயதில் பால் வாளி தூக்கியதையும் சொன்னார். கணவரே கேட்டிராத கதைகள் அவை. இயற்கைப் பூங்காவிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதால் கொட்டையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தோம். பிறகு தினமும் அந்தத் திண்டு வந்ததும் பாட்டிக்கு அழைப்பு போகும்.

காட்டுக்குப் போகும் வழியில் சாலையோரப் புல் அந்த மாதங்களில் முழங்கால் வரை வளர்ந்தது. இந்த ஊரில் புல் அப்படி வளர்ந்து நான் பார்த்ததே இல்லை. தொட்டாற்சிணுங்கி ஊதாப் பூ விட்டது, வெட்டுக்காயப் பூண்டு மஞ்சளும் வெள்ளையுமாகத் தலை நீட்டியது, பட்டாம்பூச்சிகள் மொய்த்தன. நகரமே அழகாகிவிட்டது என்று பலரும் படம் எடுத்துப் போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது.

அந்தப் புல்லை வெட்டிய குழுவில் ஒருவரை எனக்குத் தெரியும். முகத்தடுப்பும் முழங்கால் வரை காலணியுமாக, முதுகில் இயந்திரத்தோடு நிற்பார். என்னைப் பார்த்தால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, “என்னக்கா, இன்னைக்கும் ஓட்டமா?” என்பார். பேராவூரணிக்காரர். எனக்கு அறந்தாங்கி. அந்தப் பேச்சைக் கேட்டாலே ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். புல் வெட்டுவது நின்று போனது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் தொற்று பரவி, ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்கு உறுதியானது. பெரும்பாலும் விடுதிகளில் இருந்தவர்கள். அவர்கள் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை.

புல் ஏன் இவ்வளவு உயரம் என்று மகள் கேட்டபோது இதையெல்லாம் சொன்னேன்.

“ஒரு ரூம்ல எத்தனை பேர்?”

“பன்னிரண்டு பேர். சில இடத்துல அதுக்கும் மேல.”

“அவங்க ஓடலாமா?”

“முடியாதும்மா.”

அன்று இரவு அவளும் தம்பியும் வரவேற்பறையில் இருந்த நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டுப் பாய், போர்வை, துண்டு என்று வரிசையாக விரித்தார்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்று எண்ணிப் பார்த்தாள். ஆறு பேருக்கு மேல் இடம் போதவில்லை. “இன்னும் ஆறு பேர் எங்கம்மா படுப்பாங்க?” அடுக்குக் கட்டில் இருக்கும் என்று சொன்னேன். மறுநாள் காலையில் ஓடும்போது எனக்கு மனம் ஒப்பவே இல்லை. இந்தக் காற்றும் மண்ணும் எனக்கு மட்டும் எப்படி அனுமதியானது? என் ஊர் ஆள், என் வயதை ஒட்டியவர், என் சாலையைச் சீராக வைத்தவர். பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஜூன் 2ஆம் தேதி முதல் கட்டுப்பாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. பள்ளி திறந்தது. விடுதிகளில் பரிசோதனை முடிய ஆகஸ்ட் ஆனது. அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளோடு வீனஸ் டிரைவ் போகும்போது, புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மகள் முன்னே ஓடினாள். மூன்று பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் புல் வாசனை சாலை முழுக்க. அவர் அதில் இல்லை.

நின்று முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு விசாரித்தேன். மன்னார்குடிப் பையன் ஒருவன் இயந்திரத்தை அணைத்தான்.

“அண்ணன் இப்ப துவாஸ் பக்கம் வேலைக்கா. காய்ச்சல் வந்து, சரியாயி, நல்லா இருக்காரு. யாருன்னு சொல்லட்டும்?”

நான் வாய் திறப்பதற்குள் மகன் சொன்னான். “ஓடுற அக்கான்னு சொல்லுங்க அங்கிள். நாங்களும் இப்ப ஓடுறோம்னு சொல்லுங்க.”