உளுந்தளவு சிமென்ட்டோடு ஐந்து மாதம்

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். தீசிஸுக்கு, ஜிஐசியில் நானோ ஹைட்ராக்சிஅபடைட் என்ற மிகமிகப் பொடியான தூளைக் கலந்தால் உறுதி கூடுமா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஐந்து மாதம் இழுத்தது.

ஜிஐசி என்றால் கிளாஸ் அயனோமர் சிமென்ட், சொத்தைப் பல்லை அடைப்பது. 1972ல் இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் அறிமுகப்படுத்தியது. கண்ணாடித் தூளைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தில் குழைத்தால் இறுகிவிடும், பல்லோடு தானாகவே ஒட்டும், ஃப்ளோரைடும் கசியும். ஆனால் கடைவாய்ப் பல்லில் வைத்தால் மென்று மென்றே நொறுங்கும். 1983ல் அமால்கம் அலாய் பவுடரை, அதாவது பல் அடைக்கும் வெள்ளிக் கலவை உலோகத் தூளைக் கலந்து 'மிராக்கிள் மிக்ஸ்' என்று பேர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அடைப்பு கறுத்ததுதான் மிச்சம், உலோகத் துகள் சிமென்ட்டோடு சரியாகப் பிணையாது. ஹைட்ராக்சிஅபடைட் பல்லிலேயே இருக்கிற தாது, அமிலம் பட்டால் கால்சியத்தை விடும், அந்தக் கால்சியமும் அமிலச் சங்கிலிகளைக் கோத்துக்கொள்ளும் என்பதுதான் நம்பிக்கை.

பல் சிமென்ட்டுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 9917 சொல்கிறபடி 4 மி.மீ. விட்டம், 6 மி.மீ. உயரத்தில் உருளை வார்த்து, உடைகிற வரை அழுத்திப் பார்க்க வேண்டும். அடைப்புக்கான சிமென்ட் என்றால் குறைந்தது 100 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். கணக்குப் போட்டால் உளுந்து அகலத் துண்டின் மேல் கிட்டத்தட்ட 128 கிலோ!

ஒரு கிராம் பவுடரில் 0.05 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நானோ தூள், இது 5 சதவீதம். 10 சதவீதமும் செய்தேன், அதிகம் போட்டால் அதிக உறுதி என்ற ஆசைதான். பேடில் வைத்து ஸ்பேட்டுலாவால் மடிக்க மடிக்க புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது. துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு பரப்பு, இருக்கிற லிக்விடை, அதாவது அமிலத்தை எல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. லிக்விடைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு கைடு மேடம், "அப்புறம் சிமென்ட் பலவீனமானது உன் பவுடராலா லிக்விடாலான்னு எப்படிச் சொல்வ?" என்றார். சரிதான்.

முதல் செட்டை ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபுக்கு எடுத்துப் போனேன். அழுத்தி உடைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்து, "டாக்டர், இது ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதே" என்றார். முனைகள் சமமாக இல்லாததால் பாரம் முழுக்க ஒரே ஓரத்தில் விழுந்து, எதுவும் கலக்காத சாதா ஜிஐசியே 900 நியூட்டனுக்குள் உடைந்தது. உடைந்த இடத்தில் குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழி வேறு. இரண்டாவது செட்டை ராத்திரி வெளியே காயவிட்டு, மயிரிழை விரிசலோடு மொத்தமாகத் தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது செட்டுக்கு இரண்டு தூளையும் முதலில் நன்றாக அரைத்துக் கலந்து, குழைத்த சிமென்ட்டின் பளபளப்பு போவதற்குள் மோல்டில் அடைத்து, ஈரப்பதம் குறையாமல் 37 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு தண்ணீரில் ஒரு நாள், முனைகளை ஈர எமரி தாளில் தேய்த்து எடுத்தேன். 5 சதவீதம் சாதாவை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. 10 சதவீதம் சாதாவுக்கும் கீழேதான். மோல்டு இப்போது ஜூனியரிடம் இருக்கிறது, அவளும் 10 சதவீதத்தில்தான் ஆரம்பித்திருக்கிறாள்.